ஒன்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு கணக்கு வேலைக்குத் திரும்புவது எப்படி?

2014-ல் நான் வேலையை விட்டபோது பில்லில் வாட் என்ற விற்பனை வரி போட்டுக்கொண்டிருந்தேன். 2023-ல் திரும்பிப் போனபோது அந்த வரியே இல்லை. நடுவில் இரண்டு பிள்ளைகள், மாமனாருக்குப் பக்கவாதம், எப்படியோ ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. எங்கள் வேலூரில் டி.கே.எம்., ஆக்ஸிலியம் மாதிரிக் கல்லூரிகளில் பி.காம். முடித்து, கொஞ்ச நாள் வேலை பார்த்து, அப்புறம் வீட்டோடு நின்றுவிட்டவர்கள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பேரைச் சரிசெய்யுங்கள்

பட்டச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. வேலை கிடைத்த பிறகு பி.எஃப். பதிவில் இது வந்து இடிக்கும். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பேர் இருக்கட்டும். இவற்றின் நகல்களோடு திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலையும் ஒரே கவரில் வையுங்கள்.

படி 2: நீங்கள் இல்லாதபோது தொழிலில் என்ன மாறியது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் அன்றைக்குத் தெரிந்ததை எழுதுங்கள். வலப்பக்கம் அது இன்றைக்கு என்னவாக ஆகியிருக்கிறது என்று எழுதுங்கள். வெறுமனே "எல்லாம் மறந்துபோச்சு" என்று உட்கார்ந்திருந்தால் பயம்தான் வளரும். எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. பற்று, வரவு, பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது) எதுவும் மாறவில்லை.

மாறியது வரி. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. வேலூர்க் கடையிலிருந்து சென்னைக்கு விற்றால் மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி.யும் பாதிப் பாதி. பக்கத்திலேயே இருக்கிற சித்தூருக்கு விற்றால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி., ஏனென்றால் அது ஆந்திரா. சரக்கை வண்டியில் அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் அப்படித்தான்: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வேண்டும், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலேயே வேண்டும். நம் ஊர் எல்லையோரத்தில் இருப்பதால் இந்த வித்தியாசம் தினசரி வேலையில் வரும்.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதி 3பி (மாதச் சுருக்கமும் வரி கட்டுவதும்). நமக்குச் சரக்கு விற்றவர் தன் விற்பனையைத் தாக்கல் செய்தால்தான் அது நம் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் தெரியும், அதன் பிறகுதான் வரிக் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுக்க முடியும். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்டதே இதைத்தான். 2025 செப்டம்பர் 22-லிருந்து வரி விகிதங்களும் மாறியிருக்கின்றன. காலணித் தொழில் நடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வேலை தேடுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜோடி 2,500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18.

படி 3: கையால் போட்டுப் பழகுங்கள்

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைப் பயிற்சி முறையில் இலவசமாகவே ஓட்டலாம். எல்லாத் தேதியிலும் பதிவு போட முடியாது, மாதத்தின் முதல் இரண்டு நாளும் கடைசி நாளும்தான். பழக அது போதும். தெரிந்த மளிகைக்கடையில் ஒரு மாதப் பில்களை வாங்கிப் பதிவு செய்யுங்கள். நான் என் தம்பியின் ஹார்டுவேர் கடைப் பில்களில் பழகினேன். மூன்று வாரத்தில் விரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

படி 4: வீட்டில் ஒத்திகை

வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இரண்டு வாரம், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நீங்கள் வீட்டில் இல்லாத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் போய் உட்கார்ந்து படிக்கலாம். மாமனாருக்கு மாத்திரை யார் கொடுப்பது, கேஸ் சிலிண்டர் வந்தால் யார் எடுப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். "நீ போம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று என் அத்தை சொன்னது ஒத்திகையின் இரண்டாவது வாரத்தில்தான். முதல் வாரம் அவருக்கும் கஷ்டமாகவே இருந்தது.

படி 5: இடைவெளியை மறைக்காதீர்கள்

பயோடேட்டாவில் வருஷங்களை நீட்டிப் போடாதீர்கள். ஒரே வரி போதும்: "2014–2023: குடும்பப் பொறுப்பு. 2023: ஜி.எஸ்.டி., டேலி பிரைம் பயிற்சி." லிங்க்டுஇன்னிலும் பணி இடைவெளி என்று தனியாகக் குறிப்பிட வசதி இருக்கிறது.

முதலில் ஆடிட்டர் அலுவலகங்களில் கேளுங்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் அங்கே வேலை குவியும், அதனால் மே மாதமே போய்ப் பாருங்கள். பல கடைகளின் கணக்கு ஒரே இடத்தில் கைக்கு வரும் என்பதால் ஆறு மாதத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். பஸ் செலவுக்குத் தயங்க வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.

நேர்காணலில் "குழந்தைகளை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்பார்கள். கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். "ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். ஓர் இடத்தில் என் இடைவெளியைக் காரணம் காட்டி, 2014-ல் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்த இடம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது, ஆனால் சம்பளம் நியாயமாக இருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் குழந்தைகள் காப்பகம் உண்டா என்று கேளுங்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி அது.

சேருகிற அன்றைக்குப் பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். பழைய பி.எஃப். பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றும் விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.