கண்புரை ஆபரேஷனுக்கு எந்த லென்ஸ் வைப்பது?

வீட்டில் பெரியவர்களுக்குப் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும், பக்கத்து அறையில் கவுன்சிலர், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களின் லேமினேட் செய்த விலைப்பட்டியல் ஒன்றை நீட்டுவார். மேலே விலை குறைந்தது, கீழே போகப்போக ஏறிக்கொண்டே போகும், அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நல்லதாகவே வைத்துவிடலாம் என்று கடைசி வரியில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். விலை கூடிய லென்ஸ் எல்லாருக்கும் பொருந்தாது. அவர் நாள் முழுக்கக் கண்ணை வைத்து என்ன வேலை செய்கிறார் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பார்கள், பேப்பர் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். ஆனால் காலமெல்லாம் கிட்டப்பார்வை உள்ளவராக, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தே பழகியவராக இருந்தால், பக்கத்துப் பார்வைக்கே பவர் வைக்கலாமா என்று கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் இந்தப் பேச்சே வராமல் போகலாம்.

மல்டிஃபோகல், ட்ரைஃபோகல் வகைகள் உள்ளே வரும் ஒளியைப் பல தூரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவை. கண்ணாடியின் தேவை நிறையக் குறையும், ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் தெளிவும் கொஞ்சம் குறையும். ராத்திரியில் ஜிஎஸ்டி ரோட்டில் எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் வண்டி ஓட்டுபவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும் கண் அழுத்த நோய் முற்றியவர்களுக்கும் இந்த வகை பொதுவாக வேண்டாம் என்பார்கள், அதனால் முடிவெடுக்கும் முன் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். மோனோஃபோகலுக்கும் மல்டிஃபோகலுக்கும் இடைப்பட்டது ஈடாஃப் (EDOF) லென்ஸ். தூரமும் கம்ப்யூட்டரும் நன்றாகத் தெரியும், வளையம் குறைவு, பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி தேவைப்படலாம்.

சிலிண்டர் பவர் இருந்தால், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாமல் பார்வை கலங்கினால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ். பழைய கண்ணாடிச் சீட்டை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது, கருவிழியின் வளைவை அளந்துதான் சொல்ல வேண்டும். லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும், 30 டிகிரி திரும்பிவிட்டால் பலன் கிட்டத்தட்ட போய்விடும்.

லென்ஸ் வகையைவிட, கண்ணை அளந்து லென்ஸின் பவரைக் கணக்கிடும் அளவெடுப்பு முக்கியம் என்பேன். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவெடுப்புக்கு எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க எப்போதோ லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வழக்கமான கணக்கு அந்தக் கண்ணுக்குப் பொருந்தாது, பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

உள்நாட்டு லென்ஸ் என்றால் மட்டம் என்ற எண்ணமும் வேண்டாம். மதுரை ஆரோலேப் 1992 முதல் தயாரிக்கும் லென்ஸ்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. கையில் பணம் இல்லை என்று தள்ளிப்போடவும் தேவையில்லை, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. இன்சூரன்ஸ் இருந்தால் மல்டிஃபோகலுக்கும் டோரிக்குக்கும் எவ்வளவு தருவார்கள் என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது லென்ஸின் பெயர், பவர், சீரியல் நம்பர் உள்ள ஸ்டிக்கர் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வரும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.