பள்ளத்தில் உருட்டாமல் பழைய பைக்கை ஸ்டார்ட் பண்ண: கரண்ட் கோளாறை நீங்களே தேடிப் பிடிப்பது எப்படி

எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் ஒரு பைக் நிற்கிற நிலையைப் பார்த்தே அதன் பெட்டரி எப்படி என்று சொல்லிவிடலாம். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவில், முன்சில்லு பள்ளத்தைப் பார்த்தபடி நின்றால், அது காலையில் உருட்டித்தான் ஸ்டார்ட் ஆகிற பைக். நானும் மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சைப் பிடித்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை உருண்டு போய்க் கிளச்சை விட்டால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், அதனால் கோளாறு என்றே தோன்றவில்லை. ஒரு நாள் நுவரெலியாவில், கிரகரி வாவிக்குப் பக்கத்துச் சமதரையில், மழையோடு நின்றுவிட்டது. தள்ளித் தள்ளி எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் புதுப் பெட்டரி போட்டேன். இரண்டு வாரத்தில் பழையபடியே. கொயில் (பிளக்குக்குக் கரண்டை ஏற்றிக் கொடுப்பது) என்றார்கள், கொயிலும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில், பெட்டரியின் நெகடிவ் வயர் சேசியில் (பைக்கின் இரும்புச் சட்டத்தில்) பிடிக்கிற இடத்தில், ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட் துருப்பிடித்துப் பச்சை பூத்துக் கிடந்தது. சாண்ட் பேப்பரால் நாலு தேய், வேலை முடிந்தது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். சாமான் வாங்குவதற்கு முன்னால் மீட்டர் வையுங்கள்.

என்னென்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற ஆக மலிவானதே போதும். பிளக் ஸ்பெனர், 8, 10, 12 ஸ்பெனர்கள், ஸ்குரூ டிரைவர், நைஸ் சாண்ட் பேப்பர், பழைய பல் தூரிகை, கொஞ்சம் வாசலின், அதே அளவு பியூஸ் இரண்டு, நன்றாக வேலை செய்கிற ஒரு பிளக். பழைய சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து டெஸ்ட் லைட்டாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கரண்ட் வருகிறதா இல்லையா என்பதற்கு மீட்டரை விட அதைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் துருப்பிடித்து ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற வயரிலும் மீட்டர் 12 காட்டும், பல்ப் மட்டும் சரியாக எரியாது.

முதலில் வெட்கப்பட வைக்கும் காரணங்கள்

ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? பெற்றோல் டெப் மூடியிருக்கிறதா, ரிசேர்வுக்குத் திருப்ப வேண்டுமா? நியூட்ரல் லைட் எரிகிறதா? சில பைக்குகளில் கிளச்சைப் பிடித்தால்தான், சைட் ஸ்டாண்டை மடக்கினால்தான் செல்ஃப் (பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணுவது) வேலை செய்யும். சிரிக்காதீர்கள், அரை மணி நேரம் கிக் அடித்துவிட்டு அந்தச் சிவப்பு சுவிட்சைக் கண்டவர்களில் நானும் ஒருவன்.

பெட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பொசிட்டிவிலும் கறுப்பை நெகடிவிலும் பிடியுங்கள். ஓடி நிறுத்திய உடனே பார்த்தால் பொய்க் கணக்குக் காட்டும், சில மணி நேரமாவது சும்மா நின்ற பிறகு பாருங்கள். 12 வோல்ட் லெட் அசிட் பெட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் 12.6க்கு மேலே காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜரில் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இரவு முழுக்கச் சார்ஜ் பண்ணியும் 10.5ஐ ஒட்டியே நின்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. ஆறு செல், ஒன்றுக்கு 2.1 வோல்ட், அதில் ஒன்று போனால் அந்தக் கணக்குத்தான் வரும். அந்தப் பெட்டரிக்கு இனிச் செலவு பண்ணாதீர்கள். பழைய 6 வோல்ட் பைக் என்றால் எல்லாவற்றையும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: நிறைந்திருந்தால் 6.3.

இதோடு விட்டுவிடக் கூடாது. மீட்டரைப் பிடித்தபடியே செல்ஃபை அழுத்துங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரிக்குத் தெம்பில்லை. குளிரில் பெட்டரியின் பலம் இன்னும் குறையும், அதனால் மத்தியானம் சமாளிக்கிற பெட்டரி ஜனவரிப் பனியில் விடியற்காலை கைவிட்டுவிடும். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் அளவுக்கோடு வரை காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். பீலித் தண்ணீர் (மலைக் குழாயில் வருவது) எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வேண்டாம், அசிட்டும் வேண்டாம். கழற்றும்போது நெகடிவ் முதலில், பூட்டும்போது நெகடிவ் கடைசியில்.

பியூஸ், எர்த்

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் மீட்டரின் பஸர் வைத்துப் பாருங்கள். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். பியூஸ் எரிவது எங்கோ வயர் உரசி ஷோட் ஆகிறது என்பதற்கான அறிகுறி, அதை வாயடைத்தால் அடுத்து எரியப் போவது வயர்.

இப்போது என்னை ஏமாற்றிய இடத்துக்கு வருகிறேன். மலை உச்சியில் தண்ணீர்த் தாங்கி நிறைந்திருக்கும், பீலியில் மட்டும் நூல் மாதிரி வரும். நடுவில் குழாய் மூட்டில் இலை அடைத்திருக்கும். கரண்டும் அதே கதைதான். பெட்டரியில் 12.6 இருக்கும், போல்ட்டில் துரு அடைத்திருக்கும். கண்டுபிடிப்பது லேசு: மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் நெகடிவ் முனையிலேயே வையுங்கள் (வயர் நுனியில் இல்லை, ஈயத்தில்), மற்றதை என்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரையாவது செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். செல்ஃப் இல்லையென்றால் பெட்டரியில் எரிகிற லைட்டையெல்லாம் போட்டுப் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் நின்றால் எர்த் (கரண்ட் சேசி வழியாகப் பெட்டரிக்குத் திரும்புகிற பாதை) நல்லது. எனக்கு 1.8 காட்டியது! பொசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி பெட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவில் பார்க்கலாம். போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். எங்கள் மூடுபனிக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்தே ஆக வேண்டும்.

செல்ஃப் அழுத்தினால் ஒன்றுமே சத்தம் இல்லை என்றால் சுவிட்ச், கிளச் சுவிட்ச், பியூஸ். டிக் டிக் டிக் என்று அடித்தால் அநேகமாகப் பெட்டரி அல்லது மேலே சொன்ன துரு. ஒரே ஒரு டிக்கோடு முடிந்தால் ரிலேயும் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்) மோட்டாரின் கார்பன் பிரஷும் சந்தேகத்துக்குரியவை.

ஸ்பார்க்

பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், உள்ளே விழுந்தால் வேறு வேலை வந்துவிடும். ஈரமாக, பெற்றோல் மணத்தோடு இருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பு இல்லை, அல்லது சொக்கை (குளிரில் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற லிவர்) இழுத்து இழுத்து நீங்களே பிளக்கைப் பெற்றோலில் மூழ்கடித்துவிட்டீர்கள். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம். வெள்ளைவெளேரென்றால் காற்று அதிகம். இடைவெளி அநேகமான சின்ன பைக்குகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

பெற்றோல் சிந்தியிருந்தால் துடைத்துக் காயவிட்டு, நல்ல பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உடம்பு என்ஜினின் வெறும் உலோகத்தில் ஒட்டியிருக்கும்படி, பிளக் ஓட்டைக்குத் தள்ளி வைத்துக்கொண்டு கிக் அடியுங்கள். நீலமாகச் சடக்கென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் நல்லதில்லை. பிளக்கை எர்த் பண்ணாமல் வெறும் வயரைத் தூக்கிப் பிடித்து ஸ்பார்க் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் சி.டி.ஐ. பெட்டி (ஸ்பார்க்கை நேரம் பார்த்து விடுகிற சின்னப் பெட்டி) போய்விடலாம், கையிலும் நன்றாக வாங்குவீர்கள்.

ஸ்பார்க் இல்லையா? உங்கள் பைக் எந்த வகை என்று தெரிய வேண்டும். சாவியைப் போட்டு, கொயிலுக்கோ சி.டி.ஐ. பெட்டிக்கோ போகிற வயர்களில் எதிலாவது 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் அது பெட்டரியில் இருந்து நெருப்பு எடுக்கிற வகை, பெட்டரி சோர்ந்தால் கிக்கரும் சோரும், என்னுடையது அப்படித்தான். எதிலும் வராவிட்டால் பெரும்பாலும், என்ஜின் சுழலும்போது கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் கொயிலில் இருந்து நேராக எடுக்கிற வகை, பெட்டரி செத்தாலும் கிக்கில் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு வேடிக்கை உண்டு. சாவியும் சிவப்பு சுவிட்சும் கரண்டை வெட்டுவதில்லை, எர்த்தில் கொட்டித்தான் என்ஜினை நிறுத்துகின்றன. ஆகவே சுவிட்சுக்குள் மழைத் தண்ணீர் போய் எர்த் ஆகிவிட்டால், சுவிட்ச் ஓனில் இருந்தாலும் ஸ்பார்க் வராது. பழைய ஹோண்டாக்களில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு வயர்தான் அந்த நிறுத்துகிற வயர். சி.டி.ஐ. பக்கத்தில் அதை மட்டும் கழற்றிவிட்டுக் கிக் அடியுங்கள். ஸ்பார்க் வந்தால் கோளாறு சுவிட்சில், பெட்டியில் இல்லை. (வயர் கழன்றிருக்கும்போது சாவியால் என்ஜினை நிறுத்த முடியாது. பிரேக்கை அழுத்திக் கியரில் போட்டுக் கிளச்சை விட்டு நிறுத்துங்கள்.)

பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி வயர் நுனியைப் பாருங்கள். கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். விடியற்காலை மூடுபனியில் மட்டும் அடம்பிடிக்கிற பைக்குகளில் பாதிக் கோளாறு இந்தத் தொப்பியில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, தொடாமல், வயர் நெடுகப் பாருங்கள், நீலப் பொறி எங்கே ஓடுகிறதோ அங்கே கசிகிறது. பொயின்ட் (சி.டி.ஐ. பெட்டிக்குப் பதிலாகத் திறந்து மூடி ஸ்பார்க் தருகிற தொடுமுனை) வைத்த பழைய பைக் என்றால் பொயின்டைத் தேய்த்து, இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா பாருங்கள். அடிக்கடி கருகினால் அதோடு சேர்ந்திருக்கிற கண்டென்சரை மாற்றுங்கள்.

இன்னொரு இடம், ஹேண்டிலின் கழுத்து. ரம்பொடை வளைவுகளில் ஏறி இறங்குகிற பைக் ஒரு நாளில் எத்தனை தடவை ஹேண்டிலைத் திருப்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். சாவியைப் போட்டுவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நியூட்ரல் லைட் மினுங்கினால் வயர் கட்டைப் பிரித்துத் தேட வேண்டியதுதான்.

ஸ்பார்க் நல்லது, ஆனாலும் பிடிக்கவில்லை

பெற்றோல் பக்கம் போங்கள். காபரேட்டரின் கீழே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் முத்துக்கள் தனியாக உருளும். டேங்க் மூடியின் மூச்சுத்துளை அடைத்தாலும் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூழ்கடித்துவிட்டால் டெப்பை மூடி, சொக்கைத் தள்ளிவிட்டு, எக்ஸலேட்டரை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுக் கிக்.

கொழும்பில் இருந்து வாங்கி வந்த பைக்குக்கு இன்னொன்று. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெற்றோலை விடும். பிளக் கரி பிடிக்கும், மேட்டில் இழுக்காது. ஒரு நம்பர் சின்ன ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் போகிற துளைத் திருகு) போட்டால் சரியாகும், ஆனால் அதே ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி விரட்டினால் என்ஜின் சூடாகும், அதையும் நினைவில் வையுங்கள்.

சார்ஜ் ஏறுகிறதா?

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பெட்டியை மூடிவிடாதீர்கள். என்ஜின் ஓட, மீட்டரைப் பெட்டரியில் பிடித்து, எக்ஸலேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள். 13.5க்கும் 14.5க்கும் நடுவில் வந்தால் நல்லது. 12.6ஐத் தாண்டவே இல்லையென்றால் மேக்னட் கொயில், ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டை அளவோடு வைப்பது), நடுவில் உள்ள வயர் சொக்கட் என்று பாருங்கள். சொக்கட்டின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பெட்டரி கொதிக்கும், பல்ப் அடுத்தடுத்து எரியும்.

கடைசியாக, இரவில் கரண்டைக் குடிக்கிறது எதுவும் உண்டா என்று பாருங்கள். சாவியை ஆஃப் பண்ணி, நெகடிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, வயருக்கும் பெட்டரிக்கும் நடுவில் வையுங்கள். அந்த நேரத்தில் சாவியைப் போடாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். அலாரம், கடிகாரம் இல்லாத பழைய பைக் பூச்சியத்தைத்தான் காட்ட வேண்டும். ஏதாவது காட்டினால் ரெகுலேட்டரின் சொக்கட்டைக் கழற்றிப் பாருங்கள், பிறகு யாரோ பூட்டிய ஹோன், எக்ஸ்ட்ரா லைட் என்று ஒவ்வொன்றாக. எண் பூச்சியத்துக்கு இறங்குகிற இடத்தில் ஆள் அகப்பட்டுவிடும்.

எல்லாம் முடிந்ததும் அன்று இரவு பைக்கை மேட்டைப் பார்த்து நிறுத்துங்கள். காலையில் உருட்ட வழியில்லாமல் கிக்கரில் கால் வைக்கும்போது தெரிந்துவிடும்.