பிளெண்டரில் ஒரு பொம்மையை நடக்க வைப்போம்

நான் முதலில் செய்த நடையைப் பார்த்துவிட்டு என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இது பேயா? கால் தரையிலயே படலையே!" கை கால் எல்லாம் சரியாகத்தான் ஆடின. உடம்பில்தான் பாரம் இல்லை. அந்தப் பாரத்தை எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.

மென்பொருள் பிளெண்டர். முப்பரிமாண அனிமேஷன் செய்ய உதவுவது, இலவசம். டச்பேடோடு மல்லுக்கட்டாமல், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சக்கரம் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு சாயங்காலம் மெரினா நடைபாதையில் உட்காருங்கள். நடப்பவர்களின் காலை விட்டுவிட்டு இடுப்பைக் கவனியுங்கள். குதிகால் முதலில் தரையைத் தொடும். முழுப் பாதம் பதியும்போது முட்டி மடங்கி, இடுப்பு கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் எடை தெரிகிறது. நண்பர் ஒருவரை நடக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று போனில் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, இனி எலும்புக்கூடு. எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், ஆட்-ஆன்ஸ் போய், எலும்புக்கூடு செய்து தரும் ரிகிஃபையை டிக் செய்யுங்கள். ஷிஃப்ட் + ஏ அழுத்தி, ஆர்மேச்சரில் ஹியூமன் மெட்டா-ரிக்கை (மனித எலும்புக்கூட்டின் மாதிரி) எடுத்து, எலும்புகளை உங்கள் பொம்மையின் மூட்டுகளுக்குப் பொருத்துங்கள். பொம்மை, எலும்பு இரண்டுக்கும் கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேலை (அளவு மாற்றத்தை) அப்ளை செய்ய மறக்காதீர்கள். நான் மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். பிறகு ஜெனரேட் ரிக் பொத்தானை அழுத்தினால், பிடித்து ஆட்டும் கட்டுப்பாடுகளோடு முழு எலும்புக்கூடு, அதாவது ரிக், வரும். வந்த புது ரிக்கோடு பொம்மையை இணைக்க, முதலில் பொம்மை, அப்புறம் ஷிஃப்ட் பிடித்து ரிக் என்று தேர்ந்து, கண்ட்ரோல் + பி, வித் ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ். எந்த எலும்பு உடம்பின் எந்தப் பகுதியை அசைக்கும் என்பதைப் பிளெண்டரே பிரித்துக்கொள்ளும்.

ரிக்கைப் போஸ் மோடுக்கு மாற்றுங்கள். கைகளை மட்டும் எஃப்கே-வுக்கு (தோளில் தொடங்கி மூட்டு மூட்டாகத் திருப்பும் முறை) மாற்றிவிடுங்கள். தோளிலிருந்து ஊஞ்சல் போல ஆட்ட அதுதான் வசதி. ஒவ்வொரு போஸும் முடிந்ததும் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, ஐ அழுத்திக் கீஃப்ரேம் போடுங்கள். இந்த ஃப்ரேமில், அதாவது இந்தப் படச்சட்டத்தில், இந்தப் போஸ் என்று பதிந்து வைக்கும் குறி அது.

ஃப்ரேம் 1: வலது குதிகால் முன்னே, இடது கால் விரல் பின்னே, இடது கை முன்னே.

ஃப்ரேம் 4: வலது பாதம் முழுசாகத் தரையில், முட்டி மடங்கி, இடுப்பு எல்லாவற்றிலும் தாழ்வாக. என் பேய்க்கு இந்தப் போஸே இல்லை! கூச்சப்படாமல் இறக்குங்கள், அதிகமாகிவிட்டால் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரேம் 7: ஊன்றிய கால் நேராக, மற்றது அதைக் கடந்து போகும்.

ஃப்ரேம் 10: ஊன்றிய கால் விரலால் உந்த, உடம்பு உச்சத்தில்.

மறுபாதிக்கு மறுபடி உழைக்க வேண்டாம். ஃப்ரேம் 1-இல் எல்லாவற்றையும் தேர்ந்து கண்ட்ரோல் + சி. ஃப்ரேம் 13-இல் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. இடம் வலம் மாறி ஒட்டிக்கொள்ளும். அதேபோல் 4-ஐ 16-க்கும், 7-ஐ 19-க்கும், 10-ஐ 22-க்கும் கொண்டுபோங்கள். 25-இல் மட்டும் முதல் போஸை அப்படியே ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒட்டியதும் ஐ அழுத்திக் கீஃப்ரேம் போடுங்கள். ஓடும் எல்லையை 24-இல் நிறுத்துங்கள். 25-உம் ஓடினால் ஒரே போஸ் இரண்டு முறை வந்து நடை விக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் இரண்டு காலடிக்குச் சரியாக ஒரு நொடி.

ஓடவிட்டுப் பாருங்கள். இன்னும் மிதந்தால், அசைவுகளைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் உடம்பின் மேல்-கீழ் அசைவுக் கோட்டைப் பாருங்கள். இரண்டு பள்ளம், இரண்டு மேடு இருக்க வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் 4-உம் 16-உம்தான் காரணம்.

இது வந்துவிட்டால் அடுத்த பயிற்சி: தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் அம்மா. குடம் இருக்கும் பக்கம் கை ஆடாது, உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், காலடி சின்னதாகும். இதற்கு இடம் வலம் மாற்றி ஒட்டும் வித்தை உதவாது. இரண்டு பாதியையும் தனித்தனியாகத்தான் போஸ் செய்ய வேண்டும்.