நார்அட்ரினலின் ஓடும்போது பாதத்தைப் பாருங்கள்

ஐ.சி.யூ.வில் 18 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். புதிதாக டியூட்டிக்கு வருகிற பெண்களிடம் முதல் நாளே சொல்வது: செப்டிக் ஷாக், அதாவது தொற்று முற்றி பிரஷர் விழுந்த நோயாளியென்றால் போர்வையை விலக்கி முதலில் பாதத்தைப் பாரும்மா.

அவர்களுக்கு ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் பிரஷரை ஏற்றுகிறது. சராசரி அழுத்தம் 65-க்கு வந்தால் மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போகும். விரல் நுனிக்குக் குறையும். தொற்றும் தன் பங்குக்கு நுண்குழாய்களில் ரத்தத்தை உறைய வைக்கும். இரண்டும் சேர்ந்தால் விரல் கறுக்கிறது. அதற்காக மருந்தை நிறுத்தினால் ஆளே இருக்கமாட்டார்.

மெட்டி, மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றி வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு அம்மாவுக்கு மெட்டியைக் கழற்ற மகள் தயங்கினாள். சரி, காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். விடிவதற்குள் கால் வீங்கி வெள்ளி சதைக்குள் புதைந்திருந்தது. மெட்டியை அறுத்து எடுத்தோம், விரலைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போதெல்லாம் "வீக்கம் வடிந்ததும் நீங்களே போட்டுவிடுங்கள்" என்கிறேன். சம்மதித்துவிடுகிறார்கள்.

அப்புறம், மணிக்கு ஒருமுறை விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இயல்பிலேயே கறுப்பான தோலில் சட்டென்று தெரியாது. நகத்தையும் உள்ளங்காலையும் பாருங்கள். குளிர்ச்சி எதுவரை ஏறியிருக்கிறது என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, "கணுக்கால் வரை" என்று சார்ட்டில் எழுதுங்கள். அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு அந்த இரண்டு வார்த்தை பெரிய உதவி. ஆக்சிமீட்டர் கிளிப்பை ஒரே விரலில் விட்டுவைக்காதீர்கள்.

மருந்து கை நரம்பு வழியாக ஓடினால், ஊசியைச் சுற்றித் தோல் வெளுத்து ஜில்லென்று ஆகிறதா பாருங்கள். அப்படியானால் மருந்து கசிகிறது. உடனே வேறு லைனுக்கு மாற்றுங்கள், இடைவெளி விட்டால் பிரஷர் விழும். பழைய ஊசியைப் பிடுங்காதீர்கள். உள்ளே இருப்பதை அதன் வழியாகவே உறிஞ்சலாம். சுருங்கிய குழாயைத் தளர்த்தும் ஃபென்டோலமின் மருந்தைப் போட டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குளிர்ந்த காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. உணர்வற்ற தோல் வெந்துபோகும்.

விரல் கறுத்தே விட்டால், "எடுத்துவிடுவார்களா?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். சீழோ வாடையோ இல்லாமல் காய்ந்திருந்தால், உயிருள்ள தோலுக்கும் செத்ததற்கும் நடுவே கோடு விழும்வரை சர்ஜன் பெரும்பாலும் வாரக்கணக்கில் காத்திருப்பார். முழு விரலும் போகுமென்று பயந்தது நுனியோடு நின்றதும் உண்டு. அதுவரை விரலிடுக்கில் உலர்ந்த காஸ் துணி வையுங்கள், ஈரம் படவிடாதீர்கள். கசிந்து வாடை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.