உள்ளங்கையில் ஒரு 1976 கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரின் குட்டி நகல் வாங்க ஆசைப்பட்டு, குடியாத்தத்தில் உள்ள என் டிவி ரிப்பேர் கடைக்கு வந்து யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிம் யூனோதான். பிடிபி-11/70 என்ற பழைய பெரிய கம்ப்யூட்டரின் முகப்பைச் சுருக்கிச் செய்த கிட்டும் இருக்கிறது. வரிசை வரிசையாகச் சுவிட்சும் விளக்கும், கொள்ளை அழகு. ஆனால் விலை அதிகம், உள்ளே வைக்க ராஸ்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வேறு வேண்டும். அதை வடிவமைத்த ஆஸ்கர் வெர்மியூலன்தான் கிம் யூனோவையும் வடிவமைத்தார். இது கையைக் கடிக்காது.

1976-ல் மாஸ் டெக்னாலஜி 245 டாலருக்கு விற்ற கிம்-1 போர்டின் நகல் இது. மூளையாக 6502 சிப், 1 கேபி ராம், ஆறு இலக்க டிஸ்பிளே, சின்ன கீபேட், அவ்வளவுதான். நகலில் 6502-இன் வேலையை ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு பார்க்கிறது. அதில் யூஎஸ்பி இருக்காது. புரோகிராம் ஏற்ற யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். உதிரிகளுக்கு காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

சால்ட்ரிங் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பட்டால் ஈயம் சரியாக ஓடாது, வேலூர் வெயிலில் பகலில் ஃபேன் இல்லாமல் உட்காரவும் முடியாது. உயரம் குறைந்த ரெசிஸ்டரில் தொடங்கி, பட்டன், டிஸ்பிளே என்று போகவும். ஆர்டுயினோவைப் பொருத்துமுன் மற்ற இணைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனிமேல்தான் விருந்து. இதையே போனில் எமுலேட்டராக, அதாவது இந்த மெஷினைப் போலவே நடிக்கும் ஆப்பாகவும் ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு பைட்டும் நம் விரல் வழியாக மெமரிக்குள் போவதுதான் எனக்குச் சுகம். தங்கச்சி மகள் கடைக்கு வந்தால், "மாமா, நான் அடிக்கிறேன்" என்று போர்டை வாங்கிக்கொள்வாள். அவளுக்கு முதலில் கொடுத்தது கூட்டல் கணக்கு.

ஆர்எஸ் (ரீசெட்), ஏடி (முகவரி), டிஏ (அங்கே போடும் பைட்), + (அடுத்த முகவரி), கோ (ஓட்டு) எல்லாம் கீபேட் பட்டன்கள். எண்கள் எல்லாம் பதினாறடிமானம், 9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை. முதலில் ஆர்எஸ் அழுத்துங்கள். ஏடி அழுத்தி 00எஃப்1, டிஏ அழுத்தி 00. இது கூட்டல் பத்தடிமானத்தில் போகாமலிருக்க. அப்புறம் ஏடி, 0000, டிஏ, 02. ஒவ்வொரு பைட்டுக்குப் பிறகும் + அழுத்தி, வரிசையாக: 03, 18, ஏ5, 00, 65, 01, 85, எஃப்ஏ, ஏ9, 00, 85, எஃப்பி, 4சி, 4எஃப், 1சி. கடைசியில் ஏடி, 0002, கோ.

இடப்பக்கம் 0005 வரும். இரண்டும் மூன்றும் ஐந்து. வலப்பக்கம் 65 என்று தெரிவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஐந்தாம் முகவரியில் நீங்களே அடித்து வைத்த பைட் அது. விடையை முகவரி என்று நினைத்து, அங்கே இருப்பதை மெஷின் எடுத்துக் காட்டுகிறது. மெமரி என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்து 0000-ல் எஃப்எஃப், 0001-ல் 01 போட்டு ஓட்டுங்கள். விடை 0000 என்று வரும், ஒரு பைட்டில் அடங்காமல் மேலே போன 1 தொலைந்துவிட்டது. ஏ9, 00 இரண்டுக்கும் அடுத்து 69, 00 செருகி, மீதியை இரண்டு இடம் தள்ளி அடித்தால் 0100 வரும். அந்த 69 என்ன செய்தது என்பதை 6502 கட்டளைப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.