ஒருமைக்கும் பன்மைக்கும் ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் இடும் முறை

தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்று பெயர்ச்சொல்லைத் தனியாக நிறுத்தினாலும் வாக்கியம் நிறைவடைகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ பாட் புக்’ என்பது பிழை. ஆகவே எ, அன், தி ஆகிய ஆர்ட்டிகிள்களை இடும்போது முதலில் கேட்க வேண்டியது, பள்ளியில் சொல்லித்தருவதைப் போல அப்பொருள் குறிப்பிட்டதா பொதுவானதா என்பதன்று. அந்தப் பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா, ஆம் எனில் அது ஒருமையில் நிற்கிறதா என்பதே.

எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு முன் எ, அன், தி ஆகியவற்றுள் ஒன்றோ, அவற்றின் இடத்தில் வரக்கூடிய மை, திஸ், எவ்ரி போன்ற ஒரு சொல்லோ வந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து வாரா என்பதால் ‘தி மை புக்’ என எழுதக் கூடாது. ‘அட் ஹோம்’, ‘பை பஸ்’ போன்ற தொடர்கள் விலக்குகள். அவற்றை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

எ, அன் ஆகியவற்றுள் எது என்பதை, அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலியே முடிவு செய்கிறது. முதல் எழுத்து அன்று. ஐயம் எழுந்தால் அச்சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பார்ப்பது எளிய வழி. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’, ‘எம்.எல்.ஏ.’ ஆகியவை உயிரில் தொடங்குவதால் ‘அன்’ பெறும். ‘யுனிவர்சிட்டி’, ‘யூரோப்பியன்’ ஆகியவை யகரத்தில் தொடங்குவதால் ‘எ’ பெறும். இடையில் பெயரடை வந்தால் அதன் ஒலியைத்தான் பார்க்க வேண்டும்: ‘எ புக்’, ஆனால் ‘அன் ஓல்டு புக்’.

ஒன்று என்னும் பொருளிலிருந்து பிறந்தவை என்பதால் எ, அன் இரண்டும் பன்மையோடு சேர்வதில்லை. நாய்கள் பொதுவாக நன்றியுள்ளவை என்று சொல்ல ‘டாக்ஸ் ஆர் லாயல்’ போதும். ‘தி’ சேர்த்தால், பேசுபவரும் கேட்பவரும் அறிந்த சில நாய்களைப் பற்றியதாகிவிடும். முதன்முறை குறிப்பிடும்போது ஒருமையில் ‘எ டாக்’, பன்மையில் ‘சம் டாக்ஸ்’. மறுமுறை இரண்டுக்குமே ‘தி’தான். ‘ஒரு பத்துப் பேர்’ என்று நாம் தோராயமாகச் சொல்வதை ‘எ டென் பீப்பிள்’ என்று மாற்றக் கூடாது. ‘அபௌட் டென் பீப்பிள்’ என்பதே சரி. ஆயினும் ‘எ ஹண்ட்ரட் புக்ஸ்’, ‘எ ஃபியூ புக்ஸ்’ ஆகியவை வழக்கில் உண்டு. பின்னதில் ‘எ’யை விட்டுவிட்டால், சில புத்தகங்கள் என்பது போய், புத்தகங்கள் அநேகமாக இல்லை என்ற தொனி வந்துவிடும்.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவை ஆங்கிலத்தில் எண்ண இயலாதவை. அவற்றுக்கு முன்னால் ‘எ’யும் வராது, பின்னால் ‘எஸ்’ஸும் ஒட்டாது, ஓர் அறிவுரையைச் சொல்ல ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றே எழுத வேண்டும். ‘நியூஸ்’ பன்மைபோலத் தோன்றினாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனவே ‘தி நியூஸ் இஸ்’ என்று ஒருமை வினையே பெறும்.

‘ஒன் ஆஃப் தி’ என்பதன் பின் பன்மைப் பெயரும், அதைத் தொடர்ந்து ஒருமை வினையும் வரும்: ‘ஒன் ஆஃப் தி புக்ஸ் இஸ் மிஸ்ஸிங்’.

நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் ஆர்ட்டிகிள் பெறுவதில்லை. பன்மை வடிவில் அமைந்த தி நெதர்லாண்ட்ஸ், தி ஃபிலிப்பைன்ஸ், தி மால்டீவ்ஸ் போன்றவை பெறும். மலைகளிலும் தொடருக்குத் ‘தி ஹிமாலயாஸ்’, தனிச் சிகரத்துக்கு வெறும் ‘மவுண்ட் எவரெஸ்ட்’.