ஒரே கோப்பையில் சாக்லேட் கேக்: மைக்ரோவேவ் அடுப்பில் ஒன்றரை நிமிடச் செய்முறை

மக் கேக் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் பொருள்கள் காரணமல்ல; இருபது விநாடிகள் கூடுதலாக வைத்துவிடுவதுதான் காரணம். ஆகவே, மாவைக் கரைப்பதற்கு முன்பே உங்கள் மைக்ரோவேவ் எத்தனை வாட் திறன் கொண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தகவல் பட்டையில் இரண்டு எண்கள் இருந்தால், பெரியது அடுப்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும், சிறியது உணவைச் சூடாக்கும் திறனையும் குறிக்கும். நமக்கு வேண்டியது சிறிய எண். கன்வெக்‌ஷன் வசதி உள்ள அடுப்பாக இருந்தாலும், இதற்கு வெறும் மைக்ரோவேவ் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோப்பை 300 மி.லி.க்குக் குறையாத பீங்கான் மக்காக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர், மெலமைன் கோப்பை, பொன்முலாம் விளிம்புள்ள கோப்பை ஆகியவை வேண்டாம்.

முதலில் உலர்ந்த பொருள்கள்: நான்கு மேசைக்கரண்டி மைதா, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ பவுடர், கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைக் கோப்பையிலேயே போட்டு, கோகோ கட்டிகள் உடையும்வரை நன்றாகக் கலக்குங்கள். பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு சமையல் சோடாவைப் போட்டால் சோப்புச் சுவை தட்டும் என்பதால் மாற்ற வேண்டாம்.

அடுத்து, நான்கு மேசைக்கரண்டி பால், ஒன்றரை மேசைக்கரண்டி வாசனையற்ற எண்ணெய், இரண்டு துளி வெனிலா எசென்ஸ் ஆகியவற்றை ஊற்றிக் கலக்க வேண்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தம் மணத்தால் சாக்லேட்டை அமுக்கிவிடும். வெண்ணெய் சேர்த்தால் மணம் கூடும். ஆனால் ஆறியதும் அது இறுகிவிடுவதால் எண்ணெயே மேல் என்பது என் கருத்து. மாவு இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருந்தால் போதும். ஈரம் பட்ட மைதாவை அடித்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள குளூட்டன் இழுபட்டுக் கேக் சவ்வுபோலாகிவிடும். எனவே மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிட்டு, அடிமூலையில் ஒளிந்திருக்கும் உலர்மாவை மட்டும் கரண்டி நுனியால் ஒருமுறை சுரண்டி எடுங்கள். கோப்பையின் பாதிக்கு மேல் மாவு இருந்தால் பொங்கி வழியும். முட்டை தேவையில்லை, இந்தச் சிறு அளவுக்கு ஒரு முழு முட்டை அதிகம்.

கோப்பையைச் சுழல்தட்டின் நடுவில் வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால் சூடு ஓரளவு சீராகப் படும். 700 வாட் அடுப்புக்கு ஏறக்குறைய 80 முதல் 90 விநாடிகளும், 900 வாட்டுக்கு ஏறக்குறைய 60 விநாடிகளும் பிடிக்கும். எப்படியிருந்தாலும் முதலில் 60 விநாடிகள் மட்டும் வைத்துப் பார்த்து, பிறகு பத்துப் பத்து விநாடிகளாகக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. அடுப்பு ஓடும்போது கேக் விளிம்புக்கு மேல் எழும்பி, நின்றதும் சற்றுத் தாழும், அது குறையல்ல. ஓரங்கள் கோப்பையை விட்டு விலகி, நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் பளபளக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டிலேயே அந்த ஈரமும் இரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். மேற்புறம் பொன்னிறமாகட்டும் என்று காத்திருப்பது வீண். மைக்ரோவேவ் முறையில் அந்த நிறம் வராது.

கோப்பையின் கைப்பிடியும் சுடும் என்பதால் துணி பிடித்தே எடுங்கள். ஆறினால் விரைவில் இறுகிவிடும் என்பதால் வெதுவெதுப்பாகவே சாப்பிட்டுவிட வேண்டும். இருவருக்கு வேண்டுமென்றால், இரண்டு கோப்பைகளில் கரைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே வைத்து எடுங்கள்.